மழையால் பெய்யப்பட்டவர்கள்

டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவனுக்குப் பொதுவாக இரண்டு பயம்தான்: மாணவன் ஃபெயிலாகிவிடுவானோ என்பது ஒன்று, சீக்கிரம் பாஸாகி நின்றுவிடுவானோ என்பது மற்றொன்று. எனக்கு மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. நான் சொல்லிக்கொடுத்தது ஜப்பான் பாஷை. சொல்லிக்கொடுத்த இடம் மயிலாப்பூர். ஜப்பான்காரன் இன்றைக்கு வருவானா, நாளைக்கு வருவானா என்று பட்டணமே சமுத்திரத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்த நாற்பத்திரண்டாம் வருஷம் அது. கணக்கு வாத்தியாரின் மாணவன் தப்பாக ஒன்று சொன்னால் வாத்தியார் திருத்துவார், அதோடு போயிற்று. என் மாணவன் தப்பாக ஒன்று சொன்னால் நான் வேலூர் ஜெயிலுக்குப் போக வேண்டும். டியூஷன் எடுத்த பாவம் செய்தவர்கள் யாராவது இதைப் படிப்பதாக இருந்தால், அவர்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

பாஷை எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கோபே நகரத்தில் ஒரு சிந்திக்காரரின் ஜவுளிக் கம்பெனியில் சில வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். யுத்தம் வரும்போலிருக்கிறது என்று முதலாளி கடையைக் கட்டியதும், கிடைத்த கப்பலில் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, ஒரு பாஷை, இவ்வளவுதான் சம்பாத்தியம். பெட்டியும் குடையும் உபயோகப்படும் என்று தெரியும். பாஷை உபயோகப்படும் என்று நான் நினைக்கவே இல்லை. சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த வாரமே என் கதவை ஆட்கள் தட்ட ஆரம்பித்தார்கள்.

முதல் மாணவர்

முதலில் வந்தவர் பக்கத்துத் தெரு வக்கீல் ராமதுரை ஐயர். கோர்ட்டில் ஜட்ஜையே அதட்டுகிறவர் என்று பெயர் வாங்கியவர். அவர் என் கூடத்துக்குள் வந்ததும் தெருக்கதவைத் தாளிட்டார், ஜன்னலைச் சாத்தினார், பரணை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார். "ஓய், உமக்கு அந்த பாஷை தெரியுமாமே?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினேன், எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது எனக்கே நிச்சயமில்லை.

நியாயமாகப் படித்தால் எழுத்துக்கு மூன்று மாசம், எண்ணுக்கு ஒரு மாசம், வாக்கியம் பேச ஒரு வருஷமாவது ஆகும் என்று சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் சந்தோஷம் இல்லை. சிங்கப்பூரை ஒரு வாரத்தில் பிடித்தவன் நமக்கு ஒரு வருஷம் அவகாசம் கொடுப்பானா என்று கேட்டார். கேட்டுவிட்டு மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்: "மன்னிப்பு கேக்கற வரைக்கும் வந்துட்டாப் போறும் ஓய். வாதாடறத அவன் வந்து உக்காந்ததுக்கப்புறம் பாத்துக்கலாம்."

திங்கட்கிழமைக் கையெழுத்து

எதிரி தேசத்திலிருந்து வந்தவன் என்பதால் திங்கட்கிழமைதோறும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. அங்கே இருந்தவர் இன்ஸ்பெக்டர் கோபால் நாயுடு. அதட்டுகிற போலீஸ்காரனிடம் நமக்குப் பழக்கம் உண்டு, சமாளித்துவிடலாம். இவர் அதட்டமாட்டார். நாற்காலி போடச் சொல்லுவார், உடம்பு சௌக்கியமா என்பார், அங்கே சோறு கிடைத்ததா, மோர் கிடைத்ததா என்று கேட்பார். நான் பதில் சொல்லச் சொல்ல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

என் மனைவி மங்களம் தைரியசாலி. முதல் திங்கட்கிழமையே ஒரு துணிப்பையில் புது வேட்டி ஒன்று, துண்டு ஒன்று, சோப்புக்கட்டி, விபூதிப் பொட்டலம் எல்லாம் வைத்துக் கட்டிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டாள். ஜெயிலுக்குப் போகிற அவசரத்தில் நான் எதையாவது மறந்துவிட்டுப் போவேன் என்பதுதான் அவள் கவலை. நான் போவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பை சுவரில் மோதிக்கொள்ளும்.

டியூஷன் எடுக்கிற விஷயத்தை நானே சொல்லிவிடுவது நல்லது என்று ஒரு திங்கட்கிழமை சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மாணவர்களில் யாராவது எதிரி வரட்டும் என்று ஒரு வார்த்தை பேசினாலும் பொறுப்பு என் தலையில்தான் என்றார். பாஷைக்குத் தடை உண்டா சார் என்று கேட்டேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டே சொன்னார்: "பாஷைக்குத் தடை இல்லை வாத்தியார். வாத்தியாரைப் பத்தித்தான் இன்னும் முடிவு பண்ணலை."

ஓடப்பட்ட வக்கீல்

என் பாட முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பின்னால் வந்த விபத்துக்கெல்லாம் அதுதான் காரணம். கோபேயில் எனக்குப் பாஷை சொல்லிக்கொடுத்தது நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள். அவளுக்குப் புத்தக வாக்கியம் பிடிக்காது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், அன்றைக்கு எனக்கு நிஜமாக நடந்த ஒன்றை நான் அவள் பாஷையில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தேநீர். நானும் இங்கே அதையே சட்டமாக வைத்தேன். வகுப்பு முடிவில் ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அது அவரவருக்கு நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும்.

ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்தது, அடுத்து விசாகப்பட்டினத்தில் விழுந்தது. வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று சர்க்கார் சொன்னதும், வேலை இருந்தவர்களும் சேர்ந்து ஓடினார்கள். மாடவீதிகளில் பூட்டுத் தொங்காத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. அந்த வாரம் நான் எடுத்த பாடம், வேண்டாதது நடந்தால் அதை எப்படிச் சொல்வது என்பது. நமக்குப் பிடிக்காதது நடந்தால் நாம் நடந்த காரியத்தைத் திட்டுவோம். மழை பெய்து தொலைத்தது என்போம், விருந்தாளி வந்து தொலைந்தான் என்போம். ஜப்பான்காரன் மழையைத் திட்டமாட்டான். 'ஆமெ நி ஃபுராரெதா' என்பான். அதாவது, 'நான் மழையால் பெய்யப்பட்டேன்'. குழந்தை ராத்திரியெல்லாம் அழுதால், 'குழந்தையால் அழப்பட்டேன்'. மழையும் குழந்தையும் அதது பாட்டுக்கு அதது காரியத்தைச் செய்திருக்கும். வந்து விழுந்த இடம் நான் என்று மட்டும் சொல்லுவான். தமிழில் இப்படி எழுதினால் வாத்தியார் பிரம்பை எடுப்பார், அங்கே இதுதான் இலக்கணம்.

வக்கீலுக்கு அதுவரை எந்த வாக்கியமும் ஒழுங்காக வந்ததில்லை. அவர் சேர்த்துவிட்ட மாணவர்கள் அத்தனை பேரும் ரயிலேறிவிட்டிருந்தார்கள், அவர் மனைவி மக்கள் தஞ்சாவூரில். முந்தின நாள் சமையல்காரனும் பாலக்காட்டுக்குக் கம்பி நீட்டிவிட்டான். இலக்கணத்தைக் கேட்டதும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார். 'சமையல்காரனால் ஓடப்பட்டேன்' என்றார், ஒரு தப்பு இல்லை. 'பால்காரனால் ஓடப்பட்டேன்' என்றார். 'கட்சிக்காரர்களால் ஓடப்பட்டேன்' என்றார். நிறுத்தவே முடியவில்லை. கடைசியில் கண் கலங்க உட்கார்ந்தவர் சொன்னார்: "ஓய், இது இலக்கணமே இல்லை, பிராது! ஆத்துல ஒரு வாய்க் காப்பிக்கு நாதியில்லாம உக்காண்டிருக்கறவனுக்குன்னே எவனோ பண்ணி வெச்சிருக்கான்."

அறுந்த வலை

வக்கீலின் கட்சிக்காரர்களில் ஓடாமல் இருந்தவர் ஒருவர்தான். ஊரூர் குப்பத்துக் கன்னியப்பன். கடலை விட்டுவிட்டு எங்கே ஓடுவது என்பது அவர் கட்சி. தண்ணீருக்கு அடியில் போகிற கப்பல் கட்டுமரத்துக்குப் பக்கத்தில் மேலே வந்துவிட்டால் என்ன சொல்வது என்று ஒரு பயம் அவரைப் பிடித்திருந்தது. வக்கீல் என்னிடம் அனுப்பி வைத்தார். வாசலிலேயே குந்திக்கொண்டு, உள்ளே வரமாட்டேன் என்றார். போலீஸ் வந்தால் ஓட வசதியாம். எனக்கும் அது சரியென்றே பட்டது, நானும் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

'நான் மீன் பிடிக்கிறவன்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன். அது போதாது என்றார். போன மாசம் ஏதோ கப்பல் அவர் வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் மேலே வந்தால் உயிர்ப்பிச்சை கேட்பதற்கு முன்னால் வலையைக் கேட்க வேண்டும் என்றார். சரி என்று 'வலை அறுக்கப்பட்டேன்' என்பதைச் சொல்லிக்கொடுத்தேன். யார் அறுத்தான் என்பது இதில் எங்கே வருகிறது என்று கேட்டார். சொல்லலாம், சொல்லாமலும் விடலாம், பட்டவன் நான் என்பதுதான் முக்கியம் என்றேன். கன்னியப்பன் இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு லுங்கியைத் தட்டிவிட்டு எழுந்தார்: "அப்டீன்னா தேவலாம் வாத்யாரே. அறுத்துக்கினு போனது ஜப்பான்காரனா வெள்ளக்காரனான்னு எனக்கு இன்னா தெரியும்? எவன் மேல வந்தாலும் இத்தயே சொல்லிக்கினு நிக்கலாம்."

பிலோமினா டீச்சரின் கவலை

சாந்தோமிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருவார் பிலோமினா டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு எடுக்கிறவர். மற்றவர்கள் பயத்தில் படித்தார்கள், இவர் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார். வாத்தியாருக்கு இப்படி ஒரு மாணவர் கிடைத்தால் போதும் என்று எனக்கு அத்தனை சந்தோஷம். ஒரு நாள் கோபே அம்மாள் தன்னைப் பற்றிச் சொல்லுகிற வாக்கியத்தை உதாரணமாகச் சொன்னேன். அவள் விதவை. 'கணவனால் சாகப்பட்டேன்' என்பாள், பஸ் போய்விட்டது என்று நாம் சொல்வதுபோலச் சாதாரணமாக. டீச்சர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "அது எனக்கு வேணாம் சார், வேற குடுங்க" என்றார்.

வகுப்பு கலைந்த பிறகு அவரே சொன்னார். அவர் கணவர் ஆரோக்கியசாமி மலாயாவில், ஈப்போ பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். மருந்து கட்டுகிற வேலை. ஜப்பான்காரன் அங்கே நுழைந்த நாளிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கேட்காத இடமில்லை, எழுதாத ஆபீஸ் இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, ஜப்பான்காரன் நம் ஊருக்கு வரமாட்டான் டீச்சர், கவலைப்படாதீர்கள் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டதும் நான் எழுந்து போய்த் தெருக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அவர் சொன்னது இதுதான்: "எல்லாரும் அவங்க வந்துடக் கூடாதுன்னு செபம் பண்றாங்க சார். அவங்க வராமலே போயிட்டா, எங்க வீட்டுக்காரரை நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

மெட்ராஸ் மழை

என் பாட முறையின் பெருமையை வக்கீல் பார் ரூமில் போய்ப் பேசியிருக்கிறார். அது ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் எனக்குக் காப்பி வரவழைத்தார். உங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் அவரவர் சொந்த விஷயத்தைச் சொல்லியாக வேண்டுமாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்ல முறை என்றார். வாரா வாரம் கையெழுத்துப் போட வரும்போது, யார் யார் என்ன சொன்னார்கள், யார் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். கோபே அம்மாள் தேநீருக்காக வைத்த சட்டம் என் கழுத்துக்குச் சுருக்காக வந்து நின்றது.

டீச்சர் சொன்னதை இவரிடம் சொன்னால் அவரைப் பிடித்து உள்ளே போடுவார்கள். சொல்லாமல் விட்டு வேறு வழியில் தெரிந்தால் என்னைப் போடுவார்கள். மங்களத்திடம் கேட்டேன். அவள் போய்ப் பையில் ஒரு பல்பொடி டப்பாவையும் சேர்த்து வைத்தாள். சரி, இதுதான் பதில் என்று புரிந்தது. அடுத்த வாரம் போய், எல்லோரும் மழையைப் பற்றித்தான் சார் சொல்கிறார்கள், மழையால் பெய்யப்பட்டேன், மழையால் பெய்யப்பட்டேன் என்று, வேறு ஒன்றும் இல்லை என்றேன். இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு வெளியே கொளுத்துகிற வெயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்: "மெட்ராஸ்ல மழை பெஞ்சு எத்தனை மாசமாச்சு வாத்தியார்? நானும் வந்து நனையறேன், சனிக்கிழமையிலிருந்து."

சுவரோரத்து மாணவர்

சொன்னபடியே வந்தார். வேட்டி சட்டையில், சுவரோரமாக, கடைசியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து என் மாணவர்களுக்கு உலகத்தில் ஒரு கஷ்டமும் இல்லாமல் போய்விட்டது. வக்கீல் காக்கையால் வடை தூக்கப்பட்டார். அடுத்த வாரமும் தூக்கப்பட்டார். டீச்சர் மழையால் பெய்யப்பட்டார். இன்ஸ்பெக்டர் தன் முறை வரும்போதெல்லாம் இன்னும் பாஷை பிடிபடவில்லை என்று தலையை அசைத்துவிடுவார். ஆனால் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். ஒரு போலீஸ்காரர் எதை எழுதிக்கொள்கிறார் என்று தெரியாமல் பாடம் நடத்திப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

ஆகஸ்டில், வெள்ளைக்காரனே வெளியேறு என்று காலேஜ் பையன்கள் தெருவில் இறங்கினார்கள். எங்கும் ஊர்வலம், தடியடி, அறுந்த தந்திக் கம்பி. சில வாரம் இன்ஸ்பெக்டர் தலைகாட்டவில்லை, எனக்கும் கொஞ்சம் சோறு இறங்கிற்று. ஒரு சனிக்கிழமை திரும்ப வந்தார். கன்னத்தில் ஒரு வாரத்துத் தாடி. அதே சனிக்கிழமைதான் டீச்சர் என்னை வாசலிலேயே நிறுத்தினார். கடைசிக் கப்பலில் நாகப்பட்டினம் வந்து, மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்து எழுந்த அந்த எஸ்டேட்டில் கூலிகளை வேலை வாங்கிய ஒரு கங்காணியை அவர் தேடிப் பிடித்து விசாரித்திருந்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரி ஆட்களை ஜப்பான் பட்டாளம் தங்களோடு கூட்டிக்கொண்டு போனதைக் கங்காணி கண்ணால் பார்த்தாராம். டீச்சர் குடையை மடக்கினார். "இன்னிக்கு நான் மழை வாக்கியம் சொல்ல மாட்டேன் சார். நிஜத்தைத்தான் சொல்லுவேன், நீங்க வெச்ச சட்டம்தானே?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கு என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. சுவரில் கடிகாரம் ஓடுகிற சத்தமும் கதவுக்குப் பின்னால் பை ஆடுகிற சத்தமும்தான் காதில் இருந்தன. வாக்கியம் சொல்லுகிற நேரம் வந்தது. வக்கீல் காக்கையோடு முடித்துக்கொண்டார். அடுத்தது டீச்சர். அவர் வாயைத் திறப்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று என் நாக்கு என்னைக் கேட்காமலே புரண்டது. முறையை மாற்றி, இன்ஸ்பெக்டர் சார், அடுத்தது நீங்கள் சொல்லுங்கள் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன காரியம் செய்தேன் என்று உறைத்தது. அவர் வழக்கம்போலத் தலையை அசைப்பார், முறை திரும்ப டீச்சருக்கு வந்துவிடும். ஆனால் அவர் எழுந்து நின்றார். "மகனுக்கு அவங்க பாஷையில என்ன?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: 'முசுகோ நி நிகெராரெதா'. மகனால் ஓடப்பட்டேன்.

அவருடைய ஒரே மகன் கிண்டியில் என்ஜினீயரிங் படிக்கிறவன், நெல்லூரில் மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். தந்திக் கம்பி அறுத்தவர்களைப் பிடிக்கிற வேலை அவருடையது, பையன் அவர்களோடு சேர்ந்து போய்விட்டான். தமிழிலும் தெலுங்கிலும் யாரிடமும் சொல்ல முடியாததை, பக்கத்தில் நின்றாலும் போலீஸ்காரனுக்குப் புரியாத ஒரு பாஷையில் அவர் சொல்லிவிட்டு நின்றார். எனக்கு அவர்மேல் இருந்த பயம் அந்த நிமிஷமே போய்விட்டது. அவருக்காகப் பயமாக இருந்தது. டீச்சர் எழுந்தார். 'ஒத்தோ ஓ தொராரெதா', கணவரை எடுத்துக்கொள்ளப்பட்டேன் என்றார். அவர்கள் வந்தால் கேட்பேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் தன் பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் எதையும் எழுதவில்லை. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இனிமே திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வர வேணாம் வாத்தியார். நானே சனிக்கிழமை இங்க வந்துடறேன்."

டிரஸ்ஸர்

அடுத்த வருஷம் ஒரே ஒரு விமானம் வந்தது, துறைமுகத்துப் பக்கம் குண்டைப் போட்டது, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போயிற்று. வக்கீல் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பு அப்படியே வீணாயிற்று. யுத்தம் முடிந்தது. இடையில் பிடிபட்டிருந்த இன்ஸ்பெக்டரின் மகன் ஜெயிலிலிருந்து வந்தான், அப்பாவோடு பேசமாட்டேன் என்றான். ஒரு தீபாவளிக்குப் பேசினான். அதன் பிறகு ஒரு நாள் காலையில் பிலோமினா டீச்சர் வந்து நின்றார். பக்கத்தில் ஒரு மனிதர், சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும். கணுக்காலில் ஆறிப்போன பெரிய புண்ணின் தழும்பு. டிரஸ்ஸர் ஆரோக்கியசாமிதான். சயாம் காட்டில் ரயில் பாதை போட்ட ஜனங்களுக்கு மருந்தே இல்லாமல் மருந்து கட்டிவிட்டு, மிஞ்சியவர்களோடு கப்பலேறி வந்திருந்தார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டீச்சர் இத்தனை வருஷம் படித்த பாஷையிலேயே வரவேற்கலாம் என்று, நல்வரவு, களைப்பாக இருப்பீர்கள், உட்காருங்கள் என்று கோபே அம்மாள் சொல்லுகிற மாதிரி மரியாதையாகச் சொன்னேன். அந்த மனிதர் சடாரென்று விறைத்து நின்றார். இரண்டு கையும் தொடையோடு ஒட்டிக்கொண்டன, தலை குனிந்தது, அடி விழப்போகிற கன்னத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். என் கையில் இருந்த விசிறி கீழே விழுந்தது. டீச்சர் அவர் தோளைத் தொட்டு, "ஒண்ணுமில்லங்க, நம்ம சார்தான், நம்ம மயிலாப்பூர்தான்" என்று சொல்லிச் சொல்லி உட்கார வைத்தார். ஐயோ, என்ன பாவி நான் என்று அழுகை வந்தது, அழுதேன்.

மங்களம் காப்பி கொண்டுவந்தாள். கதவுக்குப் பின்னால் இருந்த பையை எடுத்து, மடிப்புக் கலையாத அந்த வேட்டியையும் துண்டையும் தட்டில் வைத்து அவரிடம் நீட்டினாள். பை தொங்கிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அவர் காப்பியைக் குடித்து முடித்தார். டீச்சர் என் பாடத்தைப் பற்றி எல்லாம் சொன்னார், மழையால் பெய்யப்பட்டது, வலை அறுக்கப்பட்டது, எல்லாம். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல், நோயாளிக்கு விவரம் சொல்லுகிறவர் மாதிரி என்னிடம் சொன்னார்: "நல்ல மரியாதையான பாஷைதான் சொல்லிக் குடுத்திருக்கீங்க சார். அங்க எங்கிட்ட யாரும் இதுல பேசலை."

ஆக, வந்துவிடுவான் வந்துவிடுவான் என்று நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வருஷக்கணக்கில் படித்த பாஷையை, ஒரு நாள்கூடப் படிக்காத ஒருவர் முழுக்கப் பட்டுவிட்டு வந்தார்.